வரிசையின் முதல் ஹெல்மெட்

லோகேஸ்வரன் வயிற்று வலி என்று எம்.சி. எடுத்திருந்தான். முந்தின நாளே கிளினிக்குக்குப் போய், டாக்டர் தொட்ட இடத்திலெல்லாம் கத்தி, வாங்கிய விடுப்புச் சீட்டு அது. காலையில் தீபாவளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவனைப் பார்த்து மனைவி காஞ்சனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போன் வாங்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"போடி. கையில வச்சிக்கிட்டு வருவேன் பாரு. ஒருதரம் காட்டு, ஒருதரம் காட்டுன்னு பின்னாலயே சுத்துவ."

"சுத்துறேன், சுத்துறேன். வார ஒழுங்கா மாட்டிக்கிட்டுப் போ."

அவன் ஹெல்மெட்டின் வார் அவள் தைத்துக் கொடுத்தது. கொக்கி மாட்ட இரண்டு கையும் ஒழுங்காக வேண்டும். அவனுக்கு இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. அதனால் மகள் காலில் போட்ட பழைய பள்ளிச் சப்பாத்திலிருந்து வெள்ளை வெல்க்ரோவை வெட்டி எடுத்து வைத்துத் தைத்திருந்தாள். ஒரே கையால் இழுத்து ஒட்டினால் போதும்.

கூலிம் டவுன் பேரங்காடி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது வேறு ஒரு ஆள் இல்லை. இழுத்து மூடியிருந்த ஷட்டருக்குப் பக்கத்தில் அந்தப் போனின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. மூன்றாய் மடிகிற போன். மடித்தால் சட்டைப் பையில் போகும், விரித்தால் சோற்றுத் தட்டு அகலம். இன்றைக்குத்தான் வெளியீடு. இந்தக் கடைக்கு வந்திருப்பது பன்னிரண்டே பன்னிரண்டு என்று பேச்சு. லோகேஸ்வரன் படத்தின் கிட்டே போய், மடிப்பு இருக்கிற இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். காகிதம்தான். ஆனாலும் மறுபடி ஒருதரம் தடவினான்.

அவனுக்கும் அந்தப் போனுக்கும் இருந்த தொடர்பு மற்றவர்களுக்கு இருந்த மாதிரி இல்லை. ஹைடெக் பூங்காவில் அவன் வேலை செய்த தொழிற்சாலையில் என்ன சாமான் செய்கிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் நம்பர்தான். தொழிலாளிகள் போனை வாசல் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூன்றாவது லைனில், பிரஸ் முன்னால் நின்று, நகத்தளவு தகடு ஒன்றை அவன் மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் ரம்பப் பல், நடுவில் இரண்டு ஓட்டை. ஒரு நாள் பிரஸ் இறங்கும்போது தகட்டோடு இரண்டு விரலும் போயின.

பிரஸ்ஸுக்கு முன்னால் கண் ஒன்று உண்டு. கை உள்ளே இருந்தால் அது பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிடும். அடிக்கடி நிறுத்தினால் டார்கெட் ஓடாது. அதனால் லைன் லீடர் புவனேசன் அந்தக் கண்ணுக்கு எதிரே பளபளக்கிற டேப்பை ஒட்டிவைத்திருந்தான். கண் அந்தப் பளபளப்பையே பார்த்துக்கொண்டு, வழியில் ஒன்றுமில்லை என்று நம்பிக் கிடக்கும். புவனேசன் வேறு யாருமில்லை, காஞ்சனாவின் கூடப்பிறந்த அண்ணன். விரல் போன அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, யாரும் வருமுன் டேப்பைப் பிய்த்துவிட்டு வந்த அதே கையால், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தான்.

"மாப்ள, விசாரணைல நீயே கவனமில்லாம கைய உட்டேன்னு சொல்லிரு. என் வேல போச்சுன்னா காஞ்சனாவோட அம்மா சோத்துக்கு எங்க போவும்?"

சொன்னான். குடும்பம் என்று நினைத்து லோகேஸ்வரன் அப்படியே சொன்னான். கவனக்குறைவு என்பதை மலாயில் 'சுவாய்' என்பார்கள். கம்பெனி அவன் கையைப் படமெடுத்து, அதன் கீழே அந்த வார்த்தையைப் பெரிதாக அச்சடித்து, கேண்டீன் வாசலில் மாட்டியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாடம் நடத்துவார்கள். அவனை ஸ்டோரில் பெட்டி தூக்கப் போட்டார்கள். ஒரு மாதத்தில் அவன் பேரே சுவாய் ஆகிவிட்டது. அந்த வருசப் பாதுகாப்பு வாரத்தில் எல்லாருக்கும் இலவசமாக ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை எழுத்தில் 'பாதுகாப்புக்கே முதலிடம்'. நல்ல கனமான ஹெல்மெட்.

பிறகு ஒரு நாள் இந்தப் போனின் விளம்பரம் வந்தது. போன் அந்தரத்தில் பாகம் பாகமாகப் பிரிந்து சுழன்றது. நடுவில், மடிப்புக்குள்ளிருந்து, ரம்பப் பல்லும் இரண்டு ஓட்டையுமாக ஒரு தகடு மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"அடியே காஞ்சனா! நம்ம தகடுடி!" என்று வீடே அதிரக் கத்தினான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தவளிடம், "என் ரெண்டு வெரலு இதுக்குள்ளதான் போயிருக்கு" என்றான். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். வெளிவருகிற நாளில், முதல் ஆளாய், இந்தக் கையால் அதைத் திறந்து மூட வேண்டும். போகிறவன் வருகிறவனெல்லாம் திறந்து பார்த்த பிறகு அல்ல. முதலில் அவன்.

கடை வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா பரஞ்சோதி, கம்பால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க ஆளு நிக்கக் கூடாது தம்பி. மானேஜ்மெண்டு ஏசும். ஹெல்மெட்ட வச்சிட்டு அப்புறமா வா."

கூலிம்பக்கம் இது வழக்கம்தான். கிளினிக்கில் சிலிப்பர் வரிசை நிற்கும், தண்ணீர் லாரிக்கு வாளி வரிசை நிற்கும், மோட்டார்க்காரன் எங்கே போனாலும் அவன் ஹெல்மெட் அவனுக்காக நிற்கும். லோகேஸ்வரன் தன் ஹெல்மெட்டை ஷட்டரை ஒட்டி முதலாவதாக வைத்தான். அடுத்து வந்தது யோகேஸ்வரி, அதே கம்பெனியில் பேக்கிங் பகுதி. வாய் ஓயாத பெண்பிள்ளை, இவனை விட மூத்தவள். அவளும் ஹெல்மெட்டை இறக்கினாள். அதே சிவப்பு.

"பாத்தியா தம்பி, முன்ன பின்ன ரெண்டும் நம்ம கம்பெனி. பாஸ் பாத்தா எம்.சி. ரெண்டையும் கிழிப்பாரு."

"ஒனக்கு என்னக்கா நோவு?"

"எனக்குப் பல்லு வலி. ஒனக்கு?"

"வயிறு."

"நல்ல வேள, வேற வேற சொன்னோம்" என்று அவள் சிரித்தாள்.

பின்னால் வந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அந்தக் கம்பெனிதான். அதே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் கையால் பேக் பண்ணினதை, பாலிஷ் போட்டதை, கடையில் பார்க்க வந்த கூட்டம். சுவரோரமாகச் சிவப்பு மண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. எல்லாரும் எதிரே இருந்த கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனார்கள். லோகேஸ்வரனுக்கு ரொட்டி இறங்கவில்லை. தே தாரிக் டீயை மட்டும் ஊதி ஊதிக் குடித்தான். ஒருத்தரும் தங்கள் ஹெல்மெட்டில் பேரெழுதவில்லை. சிவப்பு ஹெல்மெட் எல்லாம் ஒரே அச்சு என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஷட்டர் தூக்கும் நேரமாகித் திரும்பி வந்தபோது, முதல் ஹெல்மெட்டின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு புவனேசன் நின்றிருந்தான்.

"மச்சான், அது என் எடம்" என்றான் லோகேஸ்வரன்.

"ஒன் எடமா? இது என் ஹெல்மெட்டு மாப்ள. ஒன்னுது கடைசீல கெடக்கு பாரு."

கடைசியில் ஒன்று கிடந்தது, பதின்மூன்றாவதாக. புவனேசன் இப்போதுதான் வந்து இறக்கியிருக்கிறான்.

"நான் வெடியக் காலைல வந்தவன். இந்த ஜாகாவ வேணும்னா கேளு."

பரஞ்சோதி தலையைச் சொறிந்தார். "எல்லாம் ஒரே சிவப்பா இருக்கு. நான் எவன் தலைய ஞாபகம் வச்சிக்கிறது?"

"இவன்தான் மொதல்ல வந்தான் புவனேசா" என்றாள் யோகேஸ்வரி. "நான் ரெண்டாவது."

"நீ சும்மா இரு அக்கா. இது பாஸு வாங்கிட்டு வரச் சொன்னது. மொத பீஸு அவருக்கு. நாளைக்கு லைனுக்கு வரணுமா வேணாமா?"

அவள் ஓரடி பின்னால் நகர்ந்து தரையைப் பார்த்தாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். லோகேஸ்வரன் குனிந்து, புவனேசனின் காலைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டைப் புரட்டிக் காட்டினான். வெள்ளை வெல்க்ரோ. சின்னப் பிள்ளையின் சப்பாத்து வார்.

"இது யாரு தச்சது மச்சான்? ஒன் தங்கச்சி தச்சது. என்னாத்துக்குத் தச்சான்னு இவங்களுக்குச் சொல்லட்டா?"

புவனேசனின் முகம் ஒரு நொடி சுண்டியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தோற்றுப்போய் ஒதுங்க அவனால் முடியவில்லை. பல்லைக் காட்டினான்.

"எட்டு வெரலுக்கு டச் ஸ்கிரீன் கேக்குதாடா ஒனக்கு? எந்த வெரல வச்சுத் தடவுவ?"

பின்னால் யாரோ ஒருவன் 'கெக்' என்று சிரித்துவிட்டான்.

லோகேஸ்வரனின் வலது கை முட்டி போய்ப் புவனேசனின் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து தெறித்தது. ஆனால் புவனேசனுடையது தைப்பூசத்துக்குத் தைப்பூசம் காவடி தூக்கித் திமிர் ஏறிய உடம்பு. இரண்டடி பின்னால் போனவன் திரும்பி வந்து நெற்றியாலேயே லோகேஸ்வரனின் மூக்கை உடைத்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் வரிசையின் கடைசி வரை கேட்டது. பிறகு இடது கையைப் பிடித்தான். எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்து பிடித்தான். மொட்டையாய் நின்ற இரண்டு விரலின் நுனியைச் சேர்த்துக் கசக்கினான். லோகேஸ்வரன் அலறிக்கொண்டு மண்டி போட்டான். போட்டவனின் வயிற்றில் முழங்கால் ஏறியது. எம்.சி. சீட்டில் பொய்யாய் எழுதிய வயிற்று வலி அப்போது நிஜமாகவே வந்தது. குடித்த தே தாரிக் ரத்தத்தோடு சேர்ந்து தீபாவளிச் சட்டையில் வழிந்தது.

பரஞ்சோதி கம்பை நடுவில் நுழைத்து இருவரையும் பிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் வரிசையில எடம் கெடையாது! போய் அங்க உக்காரு! கடைக்குள்ள ஒருத்தன் கால வச்சான், பாலாய்க்குப் போன் போட்டுருவேன்!"

போலீசைக் கூப்பிடுவேன் என்கிறார். பூந்தொட்டித் திட்டின் இந்த முனையில் ஒருவனும் அந்த முனையில் ஒருவனும் உட்கார்ந்தார்கள். ஷட்டர் கறகறவென்று மேலே ஏறியது. கடைப்பெண்கள் கைதட்டினார்கள். யாரோ ஒருவன் பலூனை உடைத்தான். யோகேஸ்வரிதான் முதல் ஆளாய் உள்ளே போனாள். போகும்போது திரும்பி லோகேஸ்வரனைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சுவரோரச் சிவப்பு மண்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மூக்கை அண்ணாந்து பிடித்துக்கொண்டு லோகேஸ்வரன் எண்ணாமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒவ்வொரு ஹெல்மெட்டும் எடுபடுகிறபோது அவன் தகட்டில் ஒன்று கைமாறிப் போகிறது. பதினொன்று போயின, கடையில் ஒன்றே ஒன்று மிச்சம்.

புவனேசனின் போன் அடித்தது.

"எஸ் பாஸ்... கெடைச்சிரும் பாஸ்... இல்ல பாஸ், சின்னப் பிரச்சன, முடிச்சிட்டேன் பாஸ்."

பேசி முடித்ததும் எழுந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு பரஞ்சோதியிடம் போய்க் காதோரமாக என்னவோ சொன்னான். பரஞ்சோதியின் மகனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை வேண்டியிருந்தது. இது கூலிமில் எல்லாருக்கும் தெரியும். ஜாகா இருமினார், மோட்டார்கள் நிற்கிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். புவனேசன் கடைப் படியில் கால் வைத்தான்.

"மச்சான், நில்லு."

லோகேஸ்வரன் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் இடது மணிக்கட்டில் ஹெல்மெட் வார் சுற்றியிருந்தது.

"ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். வெளிய வா."

"போடா சுவாய்" என்றான் புவனேசன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கம்பெனியில் எவனெவனோ சொல்லியிருக்கிறான். லோகேஸ்வரனும் சிரித்திருக்கிறான், கேட்டுக்கொண்டு பெட்டி தூக்கியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை அவன் வாய்க்குள் ஊட்டிவிட்டவனே இப்போது சொல்கிறான். லோகேஸ்வரன் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றினான். ஹெல்மெட் புவனேசனின் தாடையில் விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். இரண்டு பல் படியில் துள்ளி ஓடின. புவனேசன் கையை நீட்டிக்கொண்டு திரும்பினான். இரண்டாவது வீச்சில் வெல்க்ரோ 'டர்ர்' என்று பிய்ந்து, ஹெல்மெட் பறந்து போய்க் கடைக் கண்ணாடியைத் துளைத்தது. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. உள்ளே பெண்கள் கத்தினார்கள். லோகேஸ்வரன் வெறுங்கையோடு அவன் மேல் விழுந்தான். இருவரும் கண்ணாடிச் சில்லில் புரண்டார்கள். லோகேஸ்வரன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, புவனேசனின் தலைமயிரைப் பிடித்துத் தரையில் இடித்தான்.

"யாருடா டேப்பு ஒட்டுனது? சொல்லு! பிரஸ்ஸு கண்ணுல யாரு டேப்பு ஒட்டுனது?"

"உடுடா..."

"சொல்லுடா!" மறுபடி இடித்தான். "நான் சுவாயா? நான் சுவாயாடா?"

"நான்தான்டா ஒட்டுனேன்!" புவனேசன் ரத்தத்தைத் துப்பிக் கத்தினான். "பாஸு ஒட்டச் சொன்னாரு, நான் ஒட்டுனேன்! எல்லா லைன்லயும் ஒட்டிருக்கு! அதுக்கு என்னாங்குற இப்ப?"

லோகேஸ்வரனின் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் புவனேசன் அவன் வலது கையை இழுத்துக் கட்டை விரலை வாய்க்குள் போட்டுக் கடித்தான். மிச்சமிருந்த பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பரஞ்சோதி மூக்கைப் பிடித்து அடைத்ததும்தான் திறந்தது. விரல் போகவில்லை, தொங்கவும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்திருந்தது.

போலீஸ் வந்தபோது இருவரும் படியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றையும் யாரோ வாங்கிக்கொள்ள, பன்னிரண்டு போனும் போய்விட்டன. கடைப்பெண் ஒருத்தி கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். யார் முதலில் கைவைத்தது என்று மலாய்க் கார்ப்பரல் கேட்டார். கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. நாளைக்கு எல்லாருக்கும் லைன் இருக்கிறது.

யோகேஸ்வரி முன்னால் வந்தாள். அவள் கையில் போன் விரிந்திருந்தது. சோற்றுத் தட்டு அகலம்தான், விளம்பரத்தில் சொன்னபடி.

"சிம்மு போட்டு, கேமரா எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே வெளிய வந்தேன் டத்தோ. மொதப் படமே இதுதான் விழுந்துச்சு."

மலாயில்தான் சொன்னாள். கார்ப்பரலை டத்தோ என்று பெரிய மனிதர் பட்டத்தால் கூப்பிட்டதில் அவர் கொஞ்சம் இளகி, குனிந்து பார்த்தார். ஹெல்மெட் சுழன்றது, பல் தெறித்தது, கண்ணாடி கொட்டியது. புவனேசனின் குரல் கடைப்பெண் துடைப்பத்தை நிறுத்துகிற அளவுக்குத் தெளிவாக வந்தது. 'பாஸு ஒட்டச் சொன்னாரு, நான் ஒட்டுனேன்.' கார்ப்பரலுக்குத் தமிழ் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

லோகேஸ்வரன் படத்தைப் பார்க்கவில்லை. மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கையில குடு. ஒரேயொரு தரம்."

"ரத்தம்டா."

அவன் இரண்டு கையையும் சட்டையில் துடைத்தான். சட்டையே ரத்தம். அவள் தன் துப்பட்டாவின் முனையால் அவன் இடது கையைத் துடைத்து, போனை அதில் வைத்தாள். அவன் மடித்தான். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. 'டக்' என்றது. பிரித்தான். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் கறகறக்கவில்லை. காதோடு வைத்துக்கொண்டு மறுபடி மடித்தான். உடைந்த மூக்கோடு சிரிக்கப் போய் வலியில் முகம் கோணியது.

"தகடு நல்லாத்தான்க்கா ஒக்காந்திருக்கு" என்றான்.

"மாப்ள..." படியிலிருந்து புவனேசன். வாய் வீங்கி வார்த்தை குழைந்தது. "அந்தப் படத்த அழிக்கச் சொல்லு மாப்ள. நம்ம குடும்பத்துக்குள்ள நடந்தது. காஞ்சனாவ நெனச்சிப் பாரு."

லோகேஸ்வரன் போனை விரித்தான்.

"அக்கா, இத கம்பெனி குரூப்புல எப்படிப் போடுறது?"

யோகேஸ்வரி போனையும் புவனேசனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நம்பரிலிருந்துதான் போகும். கேண்டீன் வாசலில் அந்தக் கைப் படத்தைத் தாண்டித்தான் அவளும் தினம் சோறு வாங்கப் போகிறாள்.

"இந்த அம்புக்குறிய அமுத்துலா" என்றாள். "போவட்டும்."

அமுத்தினான். எடுக்கவில்லை. ரத்தம் பட்டால் திரை கேட்காது போலிருக்கிறது. ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து நக்கித் துடைத்துவிட்டு மறுபடி அமுத்தினான். போயிற்று.

போனை யோகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கார்ப்பரலிடம் நீட்டினான். அந்நேரம் தொழிற்சாலை லைனில் நின்றவர்களின் போனெல்லாம் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. ஷிப்ட் விட்ட பிறகுதான் பார்ப்பார்கள். மேலதிகாரிகள் மட்டும் போனை உள்ளே கொண்டுபோகலாம்.

விலங்கு மாட்டி முடிக்குமுன்னே புவனேசனின் சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. அவன் எடுத்துப் பேரைப் பார்த்தான். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"எடு மச்சான்" என்றான் லோகேஸ்வரன். "பாஸு கூப்புடுறாரு."